கத்தரிக்காய்க்கு அடியில் கிடைத்த பேஜ்: ஓர் இளநிலை மாணவர் ஆய்வின் முழு வழி

2010ஆம் ஆண்டு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் இளநிலை படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி, அழுகிக் கிடந்த கத்தரிக்காயின் அடிப்பக்கத்திலிருந்து கொஞ்சம் சுரண்டி ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒன்று அதில் கிடைத்தது. இத்தகைய வைரஸைத்தான் ‘பேஜ்’ என்பார்கள். அதற்கு ‘மடி’ என்று பெயர் வைத்தார். ஆங்கிலத்தில் சேறு படிந்தது என்று பொருள். தமிழில் எழுதும்போது இறப்பைச் சொல்லும் வினையாகவும் படிக்கலாம், கிருமியின் பக்கம் இருந்து பார்த்தால் அதுவும் பொருத்தம்தான்.

2018 ஜூனில் அந்த வைரஸின் வழித்தோன்றல்கள் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் 15 வயதுச் சிறுமி ஒருவரின் நரம்பு வழியே செலுத்தப்பட்டன. 2019 மே மாதம் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் கட்டுரை வந்தது. செய்திகள் எல்லாம் கத்தரிக்காயிலிருந்து நேரே ஊசிக்குத் தாவின. நடுவில் இருந்த எட்டு ஆண்டு பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. அந்தப் பேஜைச் சேமித்து வைத்த குழாய் எட்டு ஆண்டு கழித்துத் திறந்தபோதும் பயன்படும் நிலையில் இருந்ததற்கு என்ன காரணம் என்பதுதான் இங்கே பார்க்கப் போவது. முதலாண்டு மாணவர்களிடம் ஆய்வை ஒப்படைக்கலாமா என்று யோசிக்கிற எந்தக் கல்லூரிக்கும் விடை அந்த நடுப்பகுதியில்தான் இருக்கிறது.

பாடம் எப்படி அமைந்தது

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் ஹாட்ஃபுல், மைகோபாக்டீரியாவை, அதாவது காசநோய்க் கிருமி சேர்ந்த பாக்டீரியா இனத்தை, தாக்கும் பேஜ்களைப் பள்ளி, கல்லூரி மாணவர்களைக் கொண்டு தேடும் வேலையை 2000களின் தொடக்கத்தில் ஆரம்பித்தார். 2003இல் ‘செல்’ இதழில் வந்த அவர்கள் கட்டுரையில் பள்ளி மாணவர்களும் ஆசிரியர் பட்டியலில் இருந்தார்கள். 2008இல் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனம் இதை 12 கல்லூரிகளில் முதலாண்டுப் பாடமாக்கியது. ‘சீ-ஃபேஜஸ்’ என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. முதல் பருவத்தில் மண்ணிலிருந்து பேஜைப் பிரித்துத் தூய்மையாக்கி, மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, டிஎன்ஏ எடுப்பார்கள். இரண்டாம் பருவத்தில் அந்த டிஎன்ஏ வரிசையில் எந்த மரபணு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறிப்பார்கள். டர்பனில் நடந்ததும் இதே வழியிலான பயிற்சிதான்.

முதலாண்டு மாணவருக்கு இந்தப் பொருள் ஏன் ஒத்துவருகிறது? ஓம்புயிராக, அதாவது பேஜ் உள்ளே புகுந்து பெருகும் பாக்டீரியாவாக, எடுத்துக்கொண்டது மைகோபாக்டீரியம் ஸ்மெக்மாடிஸ், ‘எம்சி² 155’ வகை. காசநோய்க் கிருமியின் உறவு, ஆனால் ஆரோக்கியமான ஆளுக்கு நோய் தராது. காசநோய்க் கிருமி ஒன்று இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். இதற்கு மூன்று மணி நேரம் போதும். திங்கள்கிழமை ஊற்றிய தட்டைப் புதன்கிழமை வகுப்பில் எண்ணலாம். பேஜ்களிடையே வேற்றுமை மிக அதிகம் என்பதால், ஒரு வகுப்பில் இருபது பேர் தேடினாலும் இருவர் கையில் ஒரே பேஜ் அமைவது அரிது. ஆகவே ஒருவர் தட்டைப் பார்த்து இன்னொருவர் எழுத வழியே இல்லை. விடை ஏட்டில் இல்லாத பாடம் என்பது பேச்சுக்காகச் சொல்வதில்லை இங்கே.

மண்ணிலிருந்து தட்டுக்கு

மாதிரி எடுக்கும்போது ஈரமும் மட்கும் பொருளும் இருக்கும் இடத்தைத் தேட வேண்டும். வெயிலில் காய்ந்த மணலும் பூச்சிமருந்து அடித்த மண்ணும் ஏமாற்றும். குப்பை உரம், இலைமட்கு, மரத்தடி ஈரமண் இவை நல்லவை. அழுகிய கத்தரிக்காய் இந்த வரிசையில் சேர்வதில் வியப்பு இல்லை. எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, வெப்பநிலை, மேற்பரப்பிலிருந்து எவ்வளவு ஆழம் என்று அந்த இடத்திலேயே நின்று எழுத வேண்டும். ஆய்வகத்துக்கு வந்து நினைவிலிருந்து எழுதியது பாதி தவறாகத்தான் இருக்கும்.

பிரித்தெடுக்க இரண்டு வழி. நேரடி வழியில், 15 மி.லி. குழாயில் சுமார் 2 மி.லி. அளவுக்கு மண்ணைப் போட்டு, மிடில்புரூக் 7எச்9 திரவ ஊடகம் ஊற்றி ஒன்றிரண்டு மணி நேரம் குலுக்கி, மண் அடியில் படிந்ததும் மேல்நீரை 0.22 மைக்ரான் வடிகட்டியில் செலுத்துவார்கள். பாக்டீரியா வடிகட்டியில் தங்கிவிடும், பேஜ் கீழே வரும். அந்த வடிநீரில் 0.5 மி.லி. எடுத்து 0.25 மி.லி. ஸ்மெக்மாடிஸ் வளர்ப்போடு கலந்து 10 நிமிடம் சும்மா வைத்து, உருகிய மேல் அகார் (ஆறினால் கூழாக உறையும் பொருள்) 3 முதல் 4.5 மி.லி. சேர்த்து, ஏற்கெனவே உறைந்த அகார் தட்டின் மேல் ஊற்றுவார்கள். 37 டிகிரியில் 24 முதல் 48 மணி. தட்டு முழுக்கப் பால்போல் பாக்டீரியா படர்ந்திருக்கும். பேஜ் உள்ள இடத்தில் மட்டும் சிறு ஓட்டை. ஆய்வகங்களில் ‘பிளாக்’ என்பார்கள். இங்கே தெளிவட்டம் என்று வைத்துக்கொள்வோம்.

செறிவூட்டும் வழியில் மண்ணோடு பாக்டீரியாவையும் சேர்த்தே வளர்ப்பார்கள். சுமார் 50 மி.லி. கணக்கு இது: பத்து மடங்கு செறிவுள்ள 7எச்9 5 மி.லி., ஆல்புமின்–டெக்ஸ்ட்ரோஸ் 5 மி.லி., 100 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு 0.5 மி.லி., தண்ணீர் 35 மி.லி., ஸ்மெக்மாடிஸ் வளர்ப்பு 5 மி.லி., மண் அரை கிராமிலிருந்து ஒரு கிராம். ஷேக்கரில் 37 டிகிரியில் ஒரு நாளாவது ஓட வேண்டும். மண்ணில் ஒன்றிரண்டே இருந்த பேஜும் இதில் பெருகிவிடும். வெற்றி விகிதம் நேரடி வழியைவிட மிக அதிகம். ஆனால் குடுவைக்குள் ஓட்டப்பந்தயம் நடக்கிறது: வேகமாகப் பெருகும் பேஜ் மற்றவற்றை மறைத்துவிடும். நேரடித் தட்டில் வட்டம் கிடைத்தால் அதையே எடுப்பது மேல். எதுவும் வராதவர்களுக்குச் செறிவூட்டிய குடுவையைக் கையில் வைத்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் தொடங்காத வகுப்பில் மூன்றாம் வாரம் பாதிப் பேர் வெறுந்தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள்.

இனி எங்கே கெடும் என்று பார்ப்போம். முதலில் ட்வீன் 80 என்ற சோப்புத்தன்மை உள்ள பொருள். மைகோபாக்டீரியாவின் செல்சுவர் மெழுகுத்தன்மை உள்ளது. திரவத்தில் வளர்த்தால் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். திரளாமல் இருக்க 0.05 சதவீதம் ட்வீன் சேர்ப்பது வழக்கம். அதே ட்வீன், பல பேஜ்கள் செல்லின் மேல் ஒட்டுவதையும் தடுத்துவிடும். ஆகவே முதல் வளர்ப்பை ட்வீனோடு வளர்த்து, அதிலிருந்து சிறிது எடுத்து ட்வீன் இல்லாத ஊடகத்தில் மறுபடி வளர்த்த பிறகே பேஜோடு சேர்க்க வேண்டும். “போன வாரம் வட்டம் வந்த அதே வடிநீரில் இந்த வாரம் ஒன்றும் இல்லை” என்று மாணவர் வந்து நின்றால் முதலில் கேட்க வேண்டியது, வளர்ப்பை எந்தக் குடுவையிலிருந்து எடுத்தீர்கள் என்பதுதான்.

அடுத்தது கால்சியம். பெரும்பாலான மைகோபேஜ்கள் ஒட்டுவதற்கு 1 மில்லிமோலார் அளவில் கால்சியம் வேண்டும். 7எச்9 ஊடகத்தில் பாஸ்பேட் இருக்கிறது. கால்சியத்தை முன்கூட்டியே சேர்த்துச் சூடாக்கினால் கால்சியம் பாஸ்பேட்டாக வெள்ளையாய்ப் படிந்துவிடும், கரைசலில் கால்சியம் மிஞ்சாது. பயன்படுத்தும் வேளையில்தான் சேர்க்க வேண்டும்.

மேல் அகாரை 55 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்திருப்பார்கள். தொட்டியிலிருந்து எடுத்த சில நொடிகளில் கலந்து ஊற்றிவிட வேண்டும். தயங்கினால் குழாயிலேயே உறைந்து தட்டில் மணல்மணலாக விழும். அந்தத் திட்டுகளுக்கு இடையே உள்ள வெற்றிடம் தெளிவட்டம் போலவே ஏமாற்றும். கொதிநிலையில் எடுத்துவந்த அகாரை அப்படியே ஊற்றினால் பாக்டீரியா வெந்துவிடும். காற்றுக்குமிழியும் வட்டம் போலத்தான் தெரியும். தட்டின் அடிப்பக்கம் பார்த்து, ஊற்றிய உடனே குமிழி இருக்கும் இடங்களை மார்க்கரால் குறித்துவிட்டால் மறுநாள் குழப்பம் இல்லை. குளிர்பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த தட்டில் நீர்த்துளி கோத்திருக்கும். அதில் ஊற்றினால் பேஜ் வழிந்தோடி வட்டங்கள் வால்நட்சத்திரம் மாதிரி நீண்டுவிடும். தட்டு அறை வெப்பத்துக்கு வந்து உலர்ந்திருக்க வேண்டும். மேல் அகார் உறைந்த பிறகு கவிழ்த்தே அடைகாக்க வேண்டும்.

மண் என்றாலே பிற பாக்டீரியாவும் பூஞ்சையும் கூடவே வரும். தட்டில் மி.லி.க்கு 50 மைக்ரோகிராம் கார்பெனிசிலினும் 10 மைக்ரோகிராம் சைக்ளோஹெக்சிமைடும் சேர்ப்பது இதற்காகத்தான். பெனிசிலின் குடும்ப மருந்தைச் சிதைக்கும் நொதி ஸ்மெக்மாடிஸிடம் இயல்பாகவே உண்டு, அதனால் அது தப்பிக்கும். சைக்ளோஹெக்சிமைடு பூஞ்சையைத் தடுக்கும். மனிதருக்கும் நஞ்சு, கையுறை கட்டாயம்.

தூய்மையாக்கும் கட்டம்

தெளிவட்டம் வந்ததும் மாணவர் கொண்டாடுவார். ஆசிரியர் அப்போது சற்றுக் கடுமையாக இருக்க வேண்டும். ஒரு வட்டம் ஒரே பேஜிலிருந்து வந்தது என்பதற்கு இன்னும் சான்று இல்லை. பிப்பெட் நுனியால் வட்டத்தின் நடுவைத் தொட்டு 100 மைக்ரோலிட்டர் பேஜ் பஃபரில் கலக்கி, பத்துப் பத்து மடங்காக நீர்த்து, மறுபடி தட்டில் ஊற்ற வேண்டும். பஃபரில் இருப்பவை: டிரிஸ் 10 மில்லிமோலார், கார-அமில நிலை 7.5, மக்னீசியம் சல்பேட் 10, சோடியம் குளோரைடு 68, கால்சியம் குளோரைடு 1. நன்றாகத் தனித்து நிற்கும் வட்டத்தை எடுத்து மறுசுற்று. குறைந்தது மூன்று சுற்று. வட்டங்களின் தோற்றம் தொடர்ந்து ஒரே மாதிரி இருந்தால் நிறுத்தலாம்.

இங்கே ஒரு நுட்பம். தட்டில் பெரிதும் சிறிதுமாக இருவகை வட்டம் இருந்தால் இரண்டு பேஜ் கலந்திருக்கிறது என்று உடனே முடிவு கட்டக் கூடாது. தாமதமாக ஒட்டிய பேஜும் சிறு வட்டமே தரும். சோதனை எளிது: பெரியதில் ஒன்று, சிறியதில் ஒன்று எடுத்துத் தனித்தனித் தட்டில் வளர்க்க வேண்டும். இரண்டு தட்டும் ஒரே கலவையைக் காட்டினால் பேஜ் ஒன்றுதான். பெரியது பெரியதையும் சிறியது சிறியதையும் மட்டும் தந்தால் இரண்டு. இந்தச் சோதனையைச் செய்யாமல் தாண்டியவர்களின் டிஎன்ஏ வரிசை பிறகு இரண்டு பேஜின் துண்டுகளாகக் கலந்து வரும். அந்த நேரத்தில் திரும்பிப் போக வழி இருக்காது.

வட்டம் கண்ணாடி போல் தெளிவா, புகைபடிந்த மாதிரி மங்கலா என்பதையும் எழுதி வைக்க வேண்டும். மங்கல் என்றால், பேஜ் சில செல்களைக் கொல்லாமல் அவற்றின் டிஎன்ஏவில் நுழைந்து உறங்குகிறது என்று பொருள் கொள்ளலாம். அந்தச் செல்கள் வட்டத்தின் நடுவில் பிழைத்து வளர்கின்றன. கிருமியைக் கொல்ல மருந்தாக வேண்டும் என்றால் உறங்கும் பேஜ் உதவாது. ‘மடி’யின் வட்டம் தெளிவானது. நோட்டுப் புத்தகத்தில் எழுதும் அந்த ஒற்றைச் சொல்லுக்கு எத்தனை கனம் என்பது பின்னால் தெரியும்.

பிறகு அளவு. தூய பேஜை நிறைய வளர்க்க, வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் வலைபோல் நிரம்பிய தட்டு வேண்டும். முழுவதும் கரைந்துபோன தட்டில் பேஜ் பெருகுவதற்குள் பாக்டீரியா தீர்ந்துவிடும். வட்டங்கள் விலகி நின்ற தட்டில் விளைச்சல் குறைவு. எத்தனை பேஜ் போட்டால் வலை வரும் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். தட்டின் உள்விட்டம் 86 மி.மீ., வட்டத்தின் விட்டம் 2 மி.மீ. என்றால், 86ஐ 2ஆல் வகுத்தால் 43. 43ஐ 43ஆல் பெருக்கினால் 1,849. ஆக ஏறக்குறைய 1,800 பேஜ். வட்டம் 1 மி.மீ.தான் என்றால் நான்கு மடங்கு, 7,400 போல. கணக்கைச் சுற்றி அரை மடங்கு, இரு மடங்கு என்று மூன்று தட்டு ஊற்றினால் ஒன்றாவது சரியாக அமையும்.

வலை விழுந்த தட்டின் மேல் 8 மி.லி. பஃபர் ஊற்றி, ஒன்றிரண்டு மணி நேரமோ இரவு முழுக்கக் குளிரிலோ வைத்து, நீரை உறிஞ்சி வடிகட்டினால் அதுதான் லைசேட். அதில் மி.லி.க்கு எத்தனை பேஜ் என்பதே டைட்டர். பத்து இலட்சம் மடங்கு நீர்த்ததில் 10 மைக்ரோலிட்டர் எடுத்து ஊற்றிய தட்டில் 42 வட்டம் வந்ததாக வைத்துக்கொள்வோம். 10 மைக்ரோலிட்டர் என்பது மி.லி.யில் நூறில் ஒன்று, ஆகவே 42 × 100 = 4,200. அதைப் பத்து இலட்சத்தால் பெருக்கினால் 420 கோடி. டிஎன்ஏ எடுக்க 500 கோடியை ஒட்டி இருந்தால் நிம்மதி. மாணவர் தவறுவது பெரும்பாலும் அந்த நூறால் பெருக்கும் இடத்தில்தான். விடை நூறில் ஒன்றாகக் குறைந்துவிடும். லைசேட் சோடை என்று நினைத்து நல்லதைக் கொட்டிவிடுவார்கள்.

குழாயும் பதிவும்

லைசேட் 4 டிகிரியில் மாதக்கணக்கில் தாங்கும், ஆனால் எண்ணிக்கை மெதுவாகக் குறையும். நெடுநாளைக்கு வேண்டுமென்றால் உறையும்போது சிதையாமல் இருக்கக் கிளிசராலோ டிஎம்எஸ்ஓவோ சேர்த்து மைனஸ் 80 டிகிரியில் வைப்பார்கள். சீ-ஃபேஜஸ் கல்லூரிகள் ஒவ்வொரு பேஜின் பிரதியையும் பிட்ஸ்பர்க்குக்கும் அனுப்புகின்றன. பெயர், கிடைத்த இடம், தேதி, வட்டத்தின் படம், நுண்ணோக்கிப் படம், டிஎன்ஏ வரிசை கிடைத்தால் அதுவும் ஒரே பொதுத் தரவுத்தளத்தில் ஏறும், யாரும் பார்க்கலாம். பேஜுக்குப் பெயர் வைக்கும் உரிமை கண்டெடுத்த மாணவருக்கு. வேடிக்கைப் பெயர்கள் பெருகியது இதனால்தான். ஆனால் ஒரே பெயர் இரண்டு பேஜுக்கு வராது என்ற விதியில் மட்டும் தளர்வு கிடையாது.

பல கல்லூரிகளில் இளநிலை மாணவர் செய்யும் திட்டப்பணி, பைண்டிங் செய்த அறிக்கையோடு முடிந்துவிடுகிறது. பிரித்தெடுத்த பாக்டீரியாவோ பூஞ்சையோ வாய்மொழித் தேர்வு முடிந்த மறுநாள் நீராவியில் கொன்றழிக்கும் ஆட்டோகிளேவுக்குப் போய்விடும். அறிக்கை நூலகத்தில் இருக்கும், உயிரி இருக்காது. டர்பன் மாணவியின் வேலையும் அப்படி முடிந்திருந்தால் 2018இல் எடுத்துப் பார்க்க எதுவும் இருந்திருக்காது. இந்த நிகழ்வில் நம் கண்ணுக்கு முதலில் படுவது ஃப்ரீசர்தான், அதற்குப் பிறகுதான் கத்தரிக்காய்.

எழுத்துக்கு எழுத்து

‘மடி’யின் டிஎன்ஏ நீளம் ஏறக்குறைய 48,000 கார இணை, அதாவது அத்தனை எழுத்து. ஏபி என்ற சிறு குழுவைச் சேர்ந்தது. நீண்ட, சுருங்காத வால் உடையது. இந்த அளவுள்ள பேஜில் எழுபது எண்பது மரபணு இருக்கும், இடைவெளி மிகக் குறைவு. இரண்டாம் பருவ மாணவர் வேலை ஒவ்வொரு மரபணுவின் தொடக்கத்தையும் முடிவெடுப்பது. கிளிம்மர், ஜீன்மார்க் என்ற இரு மென்பொருள்கள் தாமாகக் கணிக்கும். இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் சிக்கல் இல்லை. ஒத்துப்போகாத இடத்தில் ஏடிஜி, ஜிடிஜி, அபூர்வமாக டிடிஜி என்ற தொடக்கக் குறிகளில் எது சரி என்று சான்று காட்ட வேண்டும்: முந்தைய மரபணுவோடு இடைவெளி மிகக் குறைவா, உறவுப் பேஜ்கள் எந்த இடத்தில் தொடங்குகின்றன, ரைபோசோம் ஒட்டும் வரிசை அருகே இருக்கிறதா என்று பார்த்து. நான்கு எழுத்து மட்டும் மேற்படிவது அடிக்கடி வரும்: ஏடிஜிஏ என்ற நான்கில் முதல் மூன்று புதிய மரபணுவின் தொடக்கம், கடைசி மூன்று பழையதன் முடிவு.

பெரும் தவறு நடப்பது ஒவ்வொரு மரபணுவும் என்ன பணி செய்கிறது என்று எழுதும் இடத்தில். ஒப்பீட்டுத் தேடலில் முதலில் வந்த பெயரை அப்படியே எழுதிவிடுவார்கள். அந்தப் பெயரும் யாரோ இப்படியே எழுதியதாக இருக்கலாம். தவறு கைமாறிக்கொண்டே போகும். சான்று போதாத இடத்தில் “பணி தெரியாத புரதம்” என்று விடுவதே முறை. பேஜ் மரபணுக்களில் பெரும்பாதி அப்படித்தான் விடப்பட்டிருக்கின்றன, அதில் குறை ஒன்றும் இல்லை.

2017 அக்டோபர், லண்டனிலிருந்து ஒரு கேள்வி

சிறுமிக்குச் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், நுரையீரலைக் கெடுக்கும் பரம்பரை நோய். 2017 செப்டம்பரில் இரண்டு நுரையீரலும் மாற்றப்பட்டன. மாற்று உறுப்பை உடல் தள்ளாமல் இருக்க எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து கொடுக்க வேண்டும். அந்த வேளையில், உடலில் முன்பே இருந்த மைகோபாக்டீரியம் அப்செசஸ் பரவியது: மார்பெலும்புக் காயம், கல்லீரல், தோலில் முடிச்சுகள். ஆன்டிபயாட்டிக் பலவும் பயனற்றுப் போயின. லண்டன் மருத்துவமனையின் நுண்ணுயிரியலாளர் பிட்ஸ்பர்க்குக்கு எழுதினார். இரு நோயாளிகளின் கிருமிகள் அனுப்பப்பட்டன. சிறுமியின் கிருமிக்கு ஜிடி01 என்று பெயர். இரண்டாமவருக்கு ஏற்ற பேஜ் அமையவில்லை, அவர் இறந்துவிட்டார்.

பிட்ஸ்பர்க்கில் அப்போது பத்தாயிரத்துக்கும் மேல் பேஜ் இருந்தது. எல்லாம் ஸ்மெக்மாடிஸ் மேல் பிடித்தவை; அப்செசஸ் மேல் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. எல்லாவற்றையும் போட்டுப் பார்ப்பது கடலில் ஊசி தேடுவது. டிஎன்ஏ அடிப்படையில் குழுக்களாகப் பிரித்து வைத்திருந்ததாலும், எந்தக் குழு காசநோய்க் கிருமியையும் தாக்கும் என்று முன்பே சோதித்திருந்ததாலும் தேடல் சுருங்கியது. 2018 தொடக்கத்தில் ‘மடி’ ஜிடி01ஐ நன்றாகக் கொல்வது தெரிந்தது.

ஒன்றை மட்டும் கொடுத்தால், எதிர்ப்புப் பெற்ற சில செல்கள் பிழைத்து வளரக்கூடும். துணைக்கு வேறு இரண்டு வேண்டும். கிடைத்தவை பிபிஎஸ், ஸோயிஜே. இரண்டும் மாணவர் திட்டங்களின் சேமிப்பிலிருந்த பேஜ்கள், இரண்டும் உறங்கும் வகை. உறக்கத்தைக் காப்பது அடக்கிப் புரதம். பிபிஎஸ்ஸில் அதன் மரபணு 33ஆவது, ஸோயிஜேயில் 45ஆவது. அந்த எண்கள் எப்படித் தெரியும்? அன்னொடேஷனும் (மேலே சொன்ன, மரபணுக்களைக் குறிக்கும் வேலை) அதன் மேல் நடந்த சோதனைகளும் சொல்லித்தான். தொடக்கப் புள்ளிக்காக மாணவர் வாதாடிய வகுப்புகள் இங்கே வந்து சேர்கின்றன. 45ஆவது மரபணுவை நீக்கியதும் ஸோயிஜேயின் மங்கல் வட்டம் தெளிந்தது, ஜிடி01ஐக் கொல்லவும் செய்தது. பிபிஎஸ்ஸில் 33ஆவதிலிருந்து டிஎன்ஏவைப் பிடிக்கும் பகுதியை எடுத்தார்கள். தாக்கும் வரம்பு விரிந்த ஒரு திரிபையும் அதிலிருந்து தேர்ந்தார்கள்.

சென்னையிலிருந்து போன பேஜ்

பேஜின் டிஎன்ஏவிலிருந்து ஒரு மரபணுவை மட்டும் தழும்பில்லாமல் எடுக்கும் முறைக்கு ‘பிரெட்’ என்று பெயர், 2008இல் வெளியானது. பேஜ் டிஎன்ஏவையும், நீக்க வேண்டிய பகுதியின் இரு பக்கத்தையும் ஒட்டவைத்த சுமார் 200 எழுத்துள்ள துண்டையும் மின்னதிர்ச்சி கொடுத்து ஸ்மெக்மாடிஸுக்குள் ஒன்றாகச் செலுத்துவார்கள். உள்ளே இரண்டையும் பரிமாறிக்கொள்ளச் செய்ய ஒரு நொதி இணை தேவை. அந்த இணை வந்தது ‘சே9சி’ என்ற பேஜின் 60, 61ஆம் மரபணுக்களிலிருந்து. பெயரின் ‘சே’ சென்னையைக் குறிக்கும். சே8, சே9சி, சே9டி மூன்றும் சென்னையில் பிரித்தெடுக்கப்பட்டு 2003 ‘செல்’ கட்டுரையில் இடம்பெற்றவை. இவை மாணவர் பாடத்தில் கிடைத்தவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பயன் தெரியாமலே பத்திரப்படுத்தி வரிசை எடுத்து வைத்த பொருள் என்பதில் கத்தரிக்காய்ப் பேஜுக்கு மூத்த உறவு.

வெட்டிய பிறகும் சோதிக்காமல் நம்பக் கூடாது. முதலில் வரும் வட்டங்களில் மாறிய பேஜும் மாறாத பேஜும் கலந்தே இருக்கும். பிசிஆர் (டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) செய்து மாறியது உள்ள வட்டத்தைக் கண்டு, அதை நீர்த்து மறுபடி ஊற்றி, தனி வட்டங்களில் இன்னொரு பிசிஆர் செய்தால்தான் தூய திரிபு கிடைக்கும். முதலாண்டு மாணவர் செய்த அதே தூய்மையாக்கம்தான் இங்கேயும்.

ஊசியும் அதன் பிறகும்

ஒவ்வொரு பேஜிலும் 100 கோடி வீதம், மூன்றும் கலந்து, 12 மணிக்கு ஒருமுறை நரம்பு வழியே ஏற்றப்பட்டது. காயத்தின் மேலும் தடவினார்கள். பெரிய பக்கவிளைவு வரவில்லை. 9 நாளில் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போய் அங்கேயே மருந்து தொடர்ந்தது. ஆறு வாரத்தில் எடுத்த படத்தில் கல்லீரல் நோய்ப்பகுதி பெரும்பாலும் மறைந்திருந்தது. நெஞ்சுக் காயம் ஆறத் தொடங்கியது. தோல் முடிச்சுகள் மெதுவாகத்தான் குறைந்தன. கிருமி முற்றும் ஒழிந்ததாகச் சொல்ல முடியவில்லை. வேறு மருந்துகளும் கூடவே போய்க்கொண்டிருந்தன, ஒப்பிட வேறு நோயாளி இல்லை. பேஜால்தான் தேறினார் என்று அறுதியிட்டுச் சொல்ல ஒற்றை நிகழ்வு போதாது என்று கட்டுரை ஆசிரியர்களே எச்சரித்தார்கள். 

பிந்திய நிகழ்வுகள் கணக்கைச் சமப்படுத்தின. 2021இல் வெளிவந்தது 81 வயது நோயாளி ஒருவரின் நிலை. எதிர்ப்பாற்றல் குன்றாத உடல். அதே மூன்று பேஜ் கலவை. தொடக்கத்தில் கிருமி குறைந்தது, இரண்டு மாதத்துக்குள் உடல் பேஜுக்கு எதிராகவே எதிர்ப்புரதம் உண்டாக்கி அவற்றை முடக்கிவிட்டது. லண்டன் சிறுமியின் எதிர்ப்பாற்றல் மருந்தால் அடங்கியிருந்தது அவருக்குச் சாதகமாக அமைந்திருக்கலாம். 2022இல் 20 நோயாளிகளின் தொகுப்பு வந்தது: 11 பேரிடம் நல்ல மாற்றம். ஒரே ஒரு பேஜ் மட்டும் கொடுக்கப்பட்ட 11 பேரிடமும் எதிர்ப்புப் பெற்ற கிருமி தோன்றவில்லை. யாரும் எதிர்பார்க்காத முடிவு இது. கலவை வேண்டும் என்ற பழைய நினைப்பையே மறுபடி பார்க்க வைத்தது.

வரம்பும் தெளிவானது. அப்செசஸ் கிருமி தட்டில் இரண்டு வடிவில் வளரும்: சொரசொரப்பாக, வழவழப்பாக. வழவழப்பான வடிவத்தின் மேல் ஒருவகைக் கொழுப்புச் சர்க்கரைப் படலம் உண்டு. 2021இல் வெளியான சோதனையில், சொரசொரப்பான வகைகளில் ஏறக்குறைய எண்பது சதவீதத்துக்குக் குறைந்தது ஒரு பேஜாவது கிடைத்தது. வழவழப்பான வகைகளைத் திறம்படக் கொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. 2023இல் ‘மடி’யும் பிபிஎஸ்ஸும் செல்லின் மேல் எதைப் பற்றி நுழைகின்றன என்பது வெளியானது: டிரெஹலோஸ் பாலிஃப்ளியேட்டுகள் என்ற கொழுப்பு. அது இல்லாத செல்லுக்குள் இரண்டாலும் நுழைய முடிவதில்லை. ஆகையால் கிருமி வந்ததும் முதலில் அது தட்டில் எந்த வடிவில் வளர்கிறது என்று பார்க்கிறார்கள். சொரசொரப்பு என்றால் ஃப்ரீசரைத் திறக்கலாம்.